தாடைக்கட்டு

அந்தச் சத்தத்தை முதல்முறையாகக் கேட்கிறவர்கள் எலி என்றுதான் நினைப்பார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இராஜமாணிக்கம் தறியோரம் பாயை விரித்துச் சாய்ந்தாரென்றால், கொஞ்ச நேரத்தில் நறநறவென்று ஆரம்பித்துவிடும். மகள் சுகன்யாவுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த தரகர்கூட ஒருநாள் உத்தரத்தை நிமிர்ந்து பார்த்து, "ஒரு பூனை வளத்துடுங்கம்மா, பட்டு இருக்கிற வூடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அபிதகுசாம்பாள் சிரித்து மழுப்பினாள். அது எலி இல்லீங்க, எங்க வூட்டுக்காரர் பல்லு என்று எந்தப் பொம்பளை சொல்லுவாள்?

பெயர்தான் அவ்வளவு நீளம். திருவண்ணாமலை அம்மன் பேரை ஆசையாக வைத்தார்களே தவிர, முழுசாகக் கூப்பிட யாருக்கும் பொறுமை இல்லை. ஆரணி கொசப்பாளையம் முழுக்க அவள் அபிதாதான்.

தாடை வலி இன்றைக்கு நேற்று வந்ததில்லை. ஆறேழு வருஷமாக இருக்கிறது. இடது காதுக்கு முன்னால் சுருக்கென்று பிடிக்கும். கொட்டாவி விட்டால் 'டக்'கென்று சத்தம் கேட்கும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம். காது, நெற்றிப்பொட்டு, பிடரி என்று வலி ஏறி இறங்கும். முறுக்கும் கறியும் என்றால் உயிரை விடுகிற மனுஷன், ரசஞ்சோற்றைக் குழையப் பிசைந்து விழுங்குகிற நிலைமைக்கு வந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கம் பல் பிடுங்குகிற ஒருவரிடம் போய்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டார். வலி போகவில்லை. பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார். பல் போனதுதான் மிச்சம். வலி குத்துக்கல்லாட்டம் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

ரொம்பவும் முடியாமல் போனால் வெள்ளைத் துண்டை நீளமாக மடித்துத் தாடைக்கு அடியில் கொடுத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு தறிக்குழியில் இறங்குவார். பக்கத்து வீட்டுப் பொன்னுசாமி பெரியவர் வரும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டுத் திட்டுவார்.

"டேய் மாணிக்கம், அவுருடா அத்த. உசுரோட இருக்கிறவன் கட்டற கட்டாடா இது?"

"கட்டினா கொஞ்சம் தாங்குது பெரிப்பா."

"தாங்குதாம்! பொணத்துக்குக் கட்டறா மாதிரி கட்டிகினு ஒக்காந்துகினு இருக்கான். பாக்கிறவனுக்கு வவுத்தப் பெசையுது."

பெரியவருக்கு வந்த நேரத்துக்கு மட்டும் பிசையும். அபிதாவுக்கு நாள் பூராவும் பிசைந்தது.

பிராந்தி வீட்டுக்குள் வந்த கதை சின்னது. முதல் வருஷம் வலி பொறுக்காமல் அவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டபோது, சாயம் போடுகிற எல்லப்பன், அவருடைய சிநேகிதன், "பஞ்சுல பிராந்தி நனச்சிப் பல்லுல வையி அண்ணி, மரத்துப் பூடும்" என்றான். அவனே ஒரு குவார்ட்டர் வாங்கிக்கொண்டு வந்தும் கொடுத்தான். நல்லதுக்குத்தான் செய்தான், பாவம். பஞ்சு கொஞ்ச நாள்தான். பிறகு வாயில் ஊற்றிக் கொப்பளித்தார். கொப்பளித்ததைத் துப்புவானேன் என்று விழுங்கினார். ஒரு வாரத்துக்கு வந்த பாட்டில் ஒரு பொழுதுக்குக் காணாமல் போயிற்று.

ஆனால் வீட்டில் அதற்குப் பிராந்தி என்று பேர் கிடையாது. மருந்து. மாடத்தில் சுக்குப் பொடிக்கும் தேங்காயெண்ணெய்க்கும் நடுவில் மரியாதையாக உட்கார்ந்திருக்கும். "அபிதா, அந்த மருந்த எடு" என்பார் அவர். "சுகன்யா, நைனாவுக்கு மருந்து ஊத்திக் குடுத்துட்டு வா" என்பாள் இவள். குடிக்கிறவன் என்றால் கடை வாசலில் வேட்டி அவிழ்ந்து கிடப்பான், பெண்டாட்டியை அடிப்பான். இவர் சத்தம் போட்டுக்கூடப் பேசினதில்லை. மருந்து சாப்பிட்டால் பேசாமல் படுத்துவிடுகிற மனுஷனைக் குடிகாரன் என்று எப்படிச் சொல்வது? அபிதா அப்படித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஆனாலும் அவளுக்கு உளவு சொல்ல ஒன்று இருந்தது. தறியில் குறுக்கே ஓடி ஊடை நூலைப் போடுகிற நாடா.

நாடாவுக்குள் இருக்கிற நூல் தீர்ந்துபோனால் நூல் சுற்றின புதுத் தாரைப் போட்டு, பக்கவாட்டில் இருக்கிற கண்ணில் வாயை வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்ச வேண்டும். நூல் நாக்குக்கு வந்துவிடும். தாடை பிடித்துக்கொண்ட நாளில் இராஜமாணிக்கத்தால் வாயைக் குவிக்க முடியாது. "தோ, வா" என்று கையை ஆட்டுவார். ராட்டையில் உட்கார்ந்திருக்கிற அபிதா எழுந்துபோய் உறிஞ்சிக் கொடுப்பாள். அவர் வாய் பட்டதையெல்லாம் அந்த மரம் குடித்து வைத்துக்கொள்ளும். நேற்று சாயங்காலத்துப் பிராந்தி இன்று காலையில் அவள் நாக்கில் காந்தும். மாடத்துப் பாட்டிலில் அளவு குறையாத நாளிலும் காந்தும்.

"நேத்து எல்லப்பன்கூட எடுத்துக்கினீங்களா?"

"இல்லியே."

"நாடா நாறுதே."

"சாய வாசனைடி அது."

"யாருகிட்ட? நான் பொறந்து வளந்ததே சாயத் தொட்டிக்குப் பக்கத்துல. எனக்கே சாய வாசனை சொல்லிக் குடுக்கிறாரு."

அவர் சிரிப்பார். பாதிச் சிரிப்பில் தாடை பிடித்துக்கொள்ளும். அப்புறம் எங்கே சண்டை போடுவது?

இன்னொன்றையும் அவள் கவனித்து வைத்திருந்தாள். மருந்து அதிகமாகிற நாளில் வலி கப்பென்று அடங்கிவிடும், ஆளும் அசந்துவிடுவார். ஆனால் பல் சத்தம் மட்டும் அன்றைக்கு வீட்டையே அரைக்கும். மறுநாள் காலையில் தாடை வீங்கி, வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறக்கும். மருந்துதானே, எப்படி வலியை வளர்க்கும் என்று அவளுக்கு விளங்கவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆவணியில் போளூரிலிருந்து சம்பந்தம் வந்தது. பையன் பேர் கிரண். சொந்தமாக ரெண்டு பவர்லூம் வைத்திருந்தான். நல்ல நிறம், அதைவிட நல்ல குணம். சுகன்யா ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கப் போகும்போதே பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள். பையனுடைய அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நகை நட்டெல்லாம் ஒங்க இஷ்டம். எங்க வூட்டுக்காரரக் குடிக்குத் தூக்கிக் குடுத்தவ நானு. குடிக்கிற வூட்ல மட்டும் பொண்ணு எடுக்க மாட்டேன்." அபிதா, "அந்தப் பேஜாரே எங்க வூட்ல கெடையாதுங்க" என்றாள். கார்த்திகையில் நிச்சயம் என்று முடிவாயிற்று.

பையனுடைய அத்தை புஷ்பலதா ஆரணியிலேயே இருந்தாள். ஒரு பல் டாக்டரம்மாவிடம் டோக்கன் கொடுக்கிற வேலை. இராஜமாணிக்கத்தின் துண்டுக் கட்டைப் பார்த்துவிட்டு அவளே விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போனாள். "சம்பந்தி நிச்சயத்துல வாய் நெறயச் சிரிக்க வேணாமா? வாங்கக்கா, நான் ஜல்தியா உள்ள அனுப்பறேன்."

டாக்டரம்மா சின்ன வயசு. விரலை அவர் காதுக்கு முன்னால் வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னாள். 'டக்'கென்றது.

"பல்லுல ஒண்ணுமே இல்லீங்க. நல்ல பல்லப் போயி புடுங்கியிருக்காங்க. கோளாறு இந்தத் தாடைக் கீல்லதான். தூக்கத்துல பல்லக் கடிக்கிறாரா?"

அபிதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆமாங்க. எலி கொறிக்கிறா மாதிரி."

"அதான். தூக்கத்துல அரைச்சிகினே இருந்தா முழிச்சப்புறம் வலிக்கத்தான செய்யும்? குடிக்கிற பழக்கம் இருக்கா?"

கதவோரம் அடுத்த ஆளின் சீட்டோடு புஷ்பலதா நின்றிருந்தாள். இராஜமாணிக்கம் தரையைப் பார்த்தார்.

"அய்ய, அதெல்லாம் கெடையாதுங்க" என்றாள் அபிதா.

"எங்க சம்பந்தி வூட்ல அந்தப் பேச்சே இல்ல டாக்டர்" என்று புஷ்பலதா பெருமையாக ஒத்து ஊதினாள்.

"நல்லதாப் போச்சு. குடிச்சா மரத்துப்போன மாதிரி இருக்கும். ஆனா தூக்கத்துல இன்னும் ஜாஸ்தியாக் கடிப்பாங்க. விடிஞ்சா வலி டபுளாயிடும். அந்த வலிக்கு மறுபடியும் குடிப்பாங்க. அதான் கேட்டேன்."

அபிதாவுக்கு ஆறேழு வருஷத்துக் கணக்கு ஒரு நொடியில் புரிந்துபோயிற்று. கதவோரம் நின்ற புஷ்பலதாவைப் பார்த்தாள்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டே சொன்னாள்: "பல்லுக்கு மேல போட்டுக்கறதுக்கு ஒரு கவசம் அளவெடுத்துச் செஞ்சி தரேன். வர்றதுக்குப் பத்து நாளாவது ஆவும். அது வரைக்கும் படுக்கிறதுக்கு முன்னால இந்த மாத்திரையில பாதி. தசை எளகும், நல்லாத் தூக்கம் வரும். இதோட வேற எந்த மருந்தும் சேக்கக் கூடாது. நல்லாக் கேட்டுக்கோங்கம்மா, எந்த மருந்தும்."

அபிதா சீட்டை வாங்கி மடித்தாள். அவள் வீட்டில் மருந்து என்றால் ஒன்றுதான். திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒரு கால் நின்றது. புஷ்பலதா தோளில் கை போட்டு, "ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க பாத்தீங்களா, வாங்கக்கா, டீ சாப்பிடலாம்" என்று வெளியே அழைத்துக்கொண்டு போனாள். அபிதாவும் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் மாடத்துப் பாட்டிலை எடுத்துக்கொண்டுபோய்த் தோட்டத்துச் சாக்கடையில் கவிழ்த்தாள். இராஜமாணிக்கம் பதறி எழுந்தார்.

"ஏய், இன்னாடி பண்ற?"

"காதுல வாங்கலியா நீங்க? இதோட மருந்து சேக்கக் கூடாதுன்னாங்களே."

அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மருந்து கூடாதுன்னாங்க. இது மருந்தா?"

"பின்ன இன்னா?"

"பிராந்திடி. குடி. அவங்க மருந்தத்தான வேணாம்னாங்க. குடி வேணாம்னு ஒரு வார்த்த சொன்னாங்களா?"

பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை வாத்தியாரை மடக்குகிற மாதிரி இருந்தது அவர் பேச்சு. ராட்டையில் இருந்த சுகன்யா கையை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா வாயில் குடி என்கிற வார்த்தையை அவள் அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டாள்.

"வெளையாடாதீங்க" என்றாள் அபிதா. "நான் இல்லன்னு சொன்னதால அவங்க சொல்லல. சொல்லியிருந்தா இந்த மாத்திரையே குடுத்திருக்க மாட்டாங்களோ இன்னாவோ. எனக்குப் பயமா இருக்குங்க. கவசம் வர்ற வரைக்கும் தொட மாட்டேன்னு தறி மேல கைய வச்சிச் சொல்லுங்க."

அவர் போய்த் தறிமரத்தில் கையை வைத்து, "தொட மாட்டேன், போதுமா?" என்றார். தறிக்காரன் தறிமேல் வைத்த கை. அபிதா நம்பினாள்.

நாலைந்து நாள் நன்றாகத்தான் போயிற்று. பாதி மாத்திரைக்குப் பல் சத்தம் பாதியாயிற்று. ஒருநாள் டீயில் முறுக்கை ஊறவைத்துத் தின்றுவிட்டு, "மெல்லறேன் பாருடி" என்று சின்னப் பிள்ளை மாதிரி காட்டினார். நாடாக் கண்ணிலும் மரவாசனை மட்டும்தான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை லேசில் கஷ்டம் விடுமா என்று உள்ளுக்குள் ஒரு பல்லி மட்டும் கத்திக்கொண்டே இருந்தது.

அடைமழை பிடித்தது. கமண்டல நாகநதியில் தண்ணீர் ரெண்டு கரையும் தொட்டுக்கொண்டு போவதாகச் சொன்னார்கள். தெருவில் எல்லாத் தறிக்குழியிலும் ஈரம் ஊறிவிட்டது. மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். நிச்சயத்துக்கு முன்னால் தறியில் இருந்த சேலையை முடித்து இறக்கிவிட வேண்டும் என்று இராஜமாணிக்கம் மட்டும் குழித் தண்ணீரைச் சொம்பால் இறைத்துவிட்டு, சாக்கைப் போட்டு, அதன்மேல் காலை வைத்து நெய்தார். குளிர் காலில் ஏறித் தாடையில் போய் உட்கார்ந்தது. மத்தியானம் கரைத்த சோறுகூட இறங்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது.

"பட்டது போதும், ஏறி வாங்க" என்றாள் அபிதா.

"முந்தி மட்டுந்தான பாக்கி. போடி."

பொழுது சாய்கிற நேரத்தில், "ஊடை நூலுக்குச் சாயம் பத்தல" என்று எல்லப்பன் வீட்டுக்குப் போனார். அபிதா அப்போது பின்பக்கம் ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவர் திரும்பி வந்தது தெரியும்; தறியோரம் ராட்டையில் சுகன்யா மட்டும் இருந்தாள். மறுபடி தறி ஓடினதும் கேட்டது. சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தபோது துண்டை இறுக்கக் கட்டிக்கொண்டு பாயில் படுத்துவிட்டிருந்தார்.

"மாத்திர போட்டுக்கினீங்களா?"

"ம்."

"பாதிதான?"

"ம்ம்" என்றார். நாக்கு குழறினது. தாடைக்கட்டு இறுக்குவதால்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பல் சத்தமே இல்லை. மழைச் சத்தம் மட்டும்தான். ஆறேழு வருஷத்தில் இல்லாத அமைதி. டாக்டரம்மா நல்லாயிருக்கணும் என்று அபிதா மனசார வாழ்த்தினாள். அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாள்.

காலையில் மழை விட்டிருந்தது. அவர் அசையவில்லை. தூங்கட்டும், எத்தனை நாள் தூக்கமோ என்று சுகன்யாவையும் சத்தம் போடாமல் கோலம் போடச் சொல்லிவிட்டு, அவள் தறியில் போய் உட்கார்ந்தாள். கொஞ்சம் நெய்துவைத்தால் எழுந்ததும் சந்தோஷப்படுவார். நாடாவில் தார் தீர்ந்திருந்தது. புதுத் தாரைப் போட்டாள். கண்ணில் வாயை வைத்து உறிஞ்சினாள்.

நாக்கு காந்தியது.

நாடா கையிலிருந்து நழுவிக் குழித் தண்ணீரில் விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். அவர் அப்படியே கிடந்தார். தலைமாட்டில் மாத்திரை அட்டை. பாதி பாதியாக உடைத்த இடத்தைத் தாண்டி, முழுசு முழுசாக நாலைந்து குழி காலியாக இருந்தது.

"ன்னாங்க" என்று கன்னத்தைத் தொட்டாள். கை சில்லிட்டுத் திரும்பி வந்தது.

அவள் போட்ட சத்தத்தில் சுகன்யா கோலமாவோடு ஓடிவந்தாள். அப்பாவின் நெஞ்சில் விழுந்து உலுக்கினாள். பிறகு வாசலுக்கு ஓடி, தெருவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு கதறினாள்.

"ஐயோ, எங்க நைனா நேத்து மருந்து குடிச்சாரு! நான் பாத்தனே! அம்மாகிட்ட சொல்லாதன்னு சொன்னாரு, நானும் சொல்லலியே! மருந்து குடிச்சிட்டுப் படுத்தவரு எழுந்திருக்கலியே!"

தெரு திமுதிமுவென்று வந்தது. வந்த வேகத்திலேயே பேச்சும் புறப்பட்டுவிட்டது.

"மாணிக்கம் மருந்து குடிச்சிட்டானாம்!"

"ஐயோ, நெல்லுக்கு அடிக்கிறதா?"

"பொண்ணுக்கு நிச்சயம் வச்சிகினு எவனாவது மருந்து குடிப்பானா?"

"அதான் விசயமே. பொண்ணு இன்னா பண்ணுச்சோ. அம்மாகிட்ட சொல்லாதன்னானாமே, கேட்டியா?"

"போலீசுக்குச் சொல்லணும்பா. பொணத்த அறுக்காம குடுக்க மாட்டான்."

சுகன்யாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தான் சொன்னதைத் தெரு எப்படிக் கேட்டது என்று தெரியாமல், ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "ஆமா, மருந்துதான் குடிச்சாரு" என்று மறுபடி மறுபடி சொன்னாள். அந்தப் பெண் பிறகு எத்தனை பேச்சுக் கேட்க வேண்டியிருக்கும்! கூட்டத்தை விலக்கிக்கொண்டு புஷ்பலதா வந்தாள். படியிலேயே நின்றுவிட்டாள். அவள் பார்வை செத்தவரிடம் போகவில்லை. சுகன்யாவைத் தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தது, வயிற்றில் ஒரு நொடி நின்றது.

அந்தப் பார்வையை அபிதா பார்த்துவிட்டாள்.

எழுந்தாள். முடி அவிழ்ந்து தொங்கியது. வாசல்படிக்கு வந்து மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எம் பொண்ணு மேல எவளும் ஒரு வார்த்த பேசாதீங்க" என்றாள். "எங்க வூட்ல மருந்துன்னா பிராந்தி. நாங்கதான் அப்படிப் பேரு வச்சிகினோம். எங்க வூட்டுக்காரர் குடிப்பாரு. ஆறேழு வருஷமாக் குடிக்கிறாரு. தாடை வலிக்குன்னு குடிச்சாரு, குடிச்சிக் குடிச்சி வலி வளந்துச்சு. டாக்டரம்மா கேட்டப்போ நான்தான் இல்லன்னேன். நீதான் பக்கத்துல நின்னுகினு இருந்தியே புஷ்பா, ஒனக்கு முன்னால எப்படிச் சொல்லுவேன்? நேத்து குடிச்சிட்டு அதுக்கு மேல மாத்திரயப் போட்டுக்கினு படுத்தாரு. போலீஸ் வரட்டும். அறுத்துப் பாக்கட்டும். பிராந்திதான் இருக்கும்."

புஷ்பலதா படியில் விட்ட செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டு, தேங்கின தண்ணீரில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்தாள். போளூருக்கு அவள் என்ன சொல்லுவாள் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சுகன்யா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பொன்னுசாமி பெரியவர் வீட்டுக்குப் போய் வெள்ளை வேட்டியில் நீளமாக ஒரு கிழி கிழித்து எடுத்துக்கொண்டு வந்தார். உடம்பு முழுக்க விறைத்துப்போகிறதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்துவிட வேண்டும் என்று பாயருகே மண்டி போட்டார். கால் கட்டைவிரல் ரெண்டையும் சேர்த்துக் கட்டினார். மிச்சத் துணியோடு தலைமாட்டுக்கு நகர்ந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா பெரிப்பா?" என்றாள் அபிதா.

"தாடைக்குக் கட்டலாம்னு வந்தேன்மா" என்றார். "அவனே கட்டிகினுதான் படுத்திருக்கான்."

கையிலிருந்த துணியை என்ன செய்வதென்று தெரியாமல் தோளில் போட்டுக்கொண்டு, சுவரோரமாக உட்கார்ந்தார்.